அணியில் இடம்பெறாத மாணவர்களுக்கு மாலைநேர விளையாட்டு: எப்படித் தொடங்கலாம்?

கேள்வி: விடுதி மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் இரண்டாம் வருடத்தில் பயில்கிறேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், தென்பகுதி எனப் பல இடங்களிலிருந்தும் வந்த தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் எங்கள் விடுதியில் ஒன்றாகத் தங்கியிருக்கிறோம். விளையாட்டு அணிகளில் உள்ளவர்களுக்குப் பயிற்சியும் போட்டியும் நண்பர் கூட்டமும் தாமாகவே அமைந்துவிடுகின்றன. ஆனால் பாடசாலைக் காலத்தில் மைதானத்துப் பக்கமே போகாதவர்களும், அணித் தேர்வில் பெயர் வராதவர்களும் விரிவுரை முடிந்ததும் அறைக்குள் போய்விட்டால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருகிறார்கள். பலர் நள்ளிரவு கடந்தும் தொலைபேசியுடன் விழித்திருந்து காலை விரிவுரையைத் தவறவிடுகிறார்கள்.

வெற்றி தோல்வியைப் பொருட்படுத்தாமல், யாரும் வந்து சேரக்கூடிய மாலைநேர விளையாட்டு ஒன்றை மாணவர் ஒன்றியத்தின் ஊடாகத் தொடங்க விரும்புகிறோம். எந்த விளையாட்டு, எந்த நேரம், மாணவிகளும் தயக்கமின்றிக் கலந்துகொள்ள என்ன செய்யவேண்டும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: உடற்கல்விப் போதனாசிரியர்

கரப்பந்தாட்டத்துடன் தொடங்குங்கள் என்பதே என் ஆலோசனை. அது 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு என்பதற்காக அல்ல. 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்ட சமதரை, இரண்டு கம்பங்கள், ஒரு வலை, ஒரு பந்து ஆகியவற்றுடன் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் விளையாடலாம், எதிரணியினருடன் உடல் மோதுவதற்கும் இடம் குறைவு என்பதற்காகவே கூறுகிறேன். போட்டிகளில் ஆண்களுக்கு வலையின் மேல் விளிம்பு 2.43 மீற்றர் உயரத்திலும் பெண்களுக்கு 2.24 மீற்றர் உயரத்திலும் இருக்கும். நீங்கள் 2.24 மீற்றரிலேயே கட்டுங்கள். ஆனால் முதற்சில வாரங்களுக்குத் துள்ளி அடிப்பதை அனுமதிக்காதீர்கள். அடி விழத் தொடங்கினால் ஆட்டம் பழகிய நான்கு பேரின் கைக்குப் போய்விடும், புதியவர்கள் மூலையில் நின்று பந்து பொறுக்குவார்கள், மறுநாள் வரமாட்டார்கள். பந்தைத் தூக்கிக் கொடுத்து மட்டும் ஆடும்போது அது அதிக நேரம் காற்றில் நிற்கும். எல்லோருடைய கையும் அதில் படும்.

பீடவாரியாகவோ ஊர்வாரியாகவோ அணி பிரிக்காதீர்கள். வரிசையில் நிற்பவர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிரித்தால், விரிவுரை மண்டபத்தில் தனித்தனி வரிசைகளில் அமரும் தமிழ், சிங்கள மாணவர்களும் ஒரே பக்கத்தில் நிற்கவேண்டி வரும். பந்துக்காக ஒருவர் பெயரை மற்றவர் கூப்பிடுவதற்கு மொழியறிவு அதிகம் தேவையில்லை.

பல இடங்களில் இத்தகைய முயற்சிகள் தடைப்படுவது ஒரு திறப்பினாலேயே. விளையாட்டுப் பொருள்கள் களஞ்சிய அறையில் இருக்கும். அரச அலுவலக நேரமோ பி.ப. 4.15 மணிக்கு முடிந்துவிடும். ஆய்வுகூட வகுப்பை முடித்துக்கொண்டு நீங்கள் வந்து சேரும்போது அறை பூட்டப்பட்டிருக்கும். ஆகவே ஒரு வலையையும் இரண்டு பந்துகளையும் விடுதிப் பொறுப்பாளரிடம் வைத்திருக்க அனுமதி கேட்டு, பெற்றுக்கொள்பவர் கையொப்பமிடும் பதிவேடு ஒன்றையும் முன்மொழிந்து, இப்போதே எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலை மாதங்களில் 5 மணிக்கு முன் மண்ணில் கால் வைக்க முடியாது. மாரி மழைக்குக் கரம் பலகை, சதுரங்கம், மேசைப்பந்து என உள்ளக விளையாட்டுகளைத் தயாராக வைத்திருங்கள்.

பதில்: உப்புவெளிவாசி

கடலை நம்பித் திட்டம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அதே கடல் ஆளை இழுத்துச் செல்லும். மலையகத்திலிருந்து வரும் பிள்ளைகளில் நீந்தத் தெரியாதவர் பலர். கரையில் நடப்பதும் பந்தடிப்பதும் நல்லவை. குளிப்பதாயின் நீந்தத் தெரிந்தவர்களுடன், பகல் வெளிச்சத்தில், எந்த இடத்தில் இழுவை உண்டு என்று அங்குள்ள கடற்றொழிலாளர்களிடம் கேட்ட பின்னரே இறங்கவேண்டும்.

பதில்: பழைய மாணவி

மாணவிகளைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி. "மாணவிகளும் வரலாம்" என்று அறிவித்தலின் கடைசி வரியில் எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள். நேரத்தையும் இடத்தையும் தீர்மானிக்கும் கூட்டத்திலேயே மாணவிகள் இருக்கவேண்டும். திருகோணமலையில் நவம்பர் மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். மைதானத்திலிருந்து பெண்கள் விடுதிக்குப் போகும் பாதையில் விளக்கு எரிகிறதா, விடுதிக் கதவு எத்தனை மணிக்கு மூடப்படுகிறது என்ற இரண்டு விடயங்களே பங்கேற்பைத் தீர்மானிக்கின்றன. ஆர்வமின்மை என்று பலர் எண்ணுவது உண்மையில் இதுதான்.

எமது பெண்கள் பாடசாலைகளில் வலைப்பந்தாட்டம் விளையாடியவர்கள் ஏராளம். பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் அதை விட்டுவிடுகிறார்கள். வாரத்தில் இரண்டு மாலைகளையேனும் மாணவிகளுக்கென்று தனியாக ஒதுக்கி, சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லாத இடத்தில், விருப்பமான உடையில் விளையாட விடுங்கள். கலந்து விளையாட விரும்புபவர்கள் மற்ற நாள்களில் வரட்டும். நோன்பு மாதத்தில் மாலை விளையாட்டு முஸ்லிம் மாணவர்களுக்கு இயலாது என்பதால், அந்த மாதத்துக்கான நேரத்தை அவர்களிடமே கேளுங்கள்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். முதலாம் வருடத்தினரைச் சிரேஷ்ட மாணவர்கள் "கட்டாயம் வா" என்று மைதானத்துக்கு அழைக்கும் கணத்திலேயே இது பகிடிவதையின் பக்கம் சாய்ந்துவிடும். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியிருக்கிறது. வராதவரிடம் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கக்கூடாது என்பதை முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் கூறிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: விடுதி மாணவன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. திறப்பு விடயத்தையும் பாதை விளக்கையும் ஒன்றியக் கூட்டத்தில் முதலாவதாக எடுக்கிறோம். ஒரு நண்பரைப் பற்றியும் கேட்கவேண்டும். முதலாம் வருடத்தில் கலகலப்பாக இருந்தவர், சில வாரங்களாக எவருடனும் பேசுவதில்லை. கூப்பிட்டால்தான் சாப்பிட வருகிறார். அவரை மைதானத்துக்கு அழைத்துச் சென்றால் சரியாகிவிடுமா? பரீட்சையும் நெருங்குகிறது.

பதில்: உளநலப் பணியாளர்

அழையுங்கள், ஆனால் விளையாட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் பரிந்துரைத்தது. உடற்பயிற்சி தூக்கத்தைச் சீராக்கும், பதற்றத்தைக் குறைக்கும், இலேசான மனச்சோர்வுக்கும் உதவும். ஆனால் சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, உணவும் உறக்கமும் பேச்சும் குறைந்திருந்தால், அவரைத் தகுதியானவர் ஒருவர் பார்க்கவேண்டும். மனச்சோர்வில் இருப்பவருக்கு எழுந்து சப்பாத்து அணிவதே பெரும் பாரமாக இருக்கும். "விளையாடினால் சரியாகிவிடும்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது, வர முடியாத தன்மையும் தன் குற்றமே என்று அவரை எண்ணவைக்கும்.

தனியாக இருக்கும்போது அவருடன் பேசுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் உருவாகாது, மாறாகப் பலருக்கு அது ஆறுதலாக அமையும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், மாணவர் ஆலோசகரிடமோ அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ அன்றே உடன் அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். நண்பராக நீங்களும் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

பரீட்சைக் காலத்தில் மாலை விளையாட்டை நிறுத்திவிடாதீர்கள். பொதுவாக அப்போதுதான் எல்லோரும் நிறுத்துவார்கள். அப்போதுதான் தூக்கம் கெட்டு, பதற்றம் கூடி, அது அதிகம் தேவைப்படுகிறது. அரை மணிநேரமாகக் குறைத்து, அதே நேரத்தில், அதே இடத்தில் தொடருங்கள். உங்கள் நண்பர் வந்தால் விளையாடச் சொல்லி வற்புறுத்தாமல் புள்ளிகளை எண்ணும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.