சரயேவோ 1984: ஒலிம்பிக் அரங்குகள் என்ன ஆயின?

கேள்வி:
1984 பிப்ரவரியில் யூகோஸ்லாவியாவின் சரயேவோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளைப் பற்றிப் படித்து வருகிறேன். டிரெபெவிச் மலையில் பாப்ஸ்லெட் (பனித்தடத்தில் சறுக்கி இறங்கும் வண்டி) பந்தயத்துக்காகக் கட்டிய கான்கிரீட் தடம், வண்ணக் கிறுக்கல்களோடு காட்டுக்குள் பாசியேறிக் கிடக்கும் படங்களைப் பார்த்தேன். போட்டி முடிந்ததும் பராமரிக்க வழியின்றிக் கைவிட்டுவிட்டார்களா? அந்நகருக்கு இதனால் ஏதேனும் மிஞ்சியதா?

மறுமொழி 1:
கைவிட்டார்கள் என்பது அந்நகர மக்களுக்கு அநீதி. யூகோஸ்லாவியா உடைந்து பொஸ்னியப் போர் மூளும்வரை அத்தடம் பயன்பாட்டில்தான் இருந்தது. 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை நீடித்த சரயேவோ முற்றுகையில், பொஸ்னிய செர்பியப் படையினர் அந்த மலையிலிருந்துதான் நகரின்மீது குண்டு பொழிந்தனர். பந்தயத் தடமே அவர்களுக்குப் பீரங்கி நிலையாயிற்று. பனிச்சறுக்கு நடனம் நடந்த ஸெட்ரா அரங்குக்கு நேர்ந்தது இன்னும் கொடியது. பிரிட்டனின் ஜேன் டார்வில், கிறிஸ்டோபர் டீன் இணை பொலேரோ இசைக்கு ஆடி, கலைநயத்துக்காக ஒன்பது நடுவர்களிடமும் 6.0 என்ற முழுப் புள்ளியைப் பெற்றது அங்கேதான். எட்டே ஆண்டுகள் கழித்து எறிகணைகளால் சிதைந்த அதே அரங்கின் அடித்தளம் பிணவறையாயிற்று. பார்வையாளர்கள் அமர்ந்திருந்த மர இருக்கைகளைப் பெயர்த்தெடுத்துச் சவப்பெட்டிகள் செய்தார்கள். அருகிலிருந்த விளையாட்டுத் திடலில் கல்லறைகள் வரிசைகட்டின.

மறுமொழி 2:
மிஞ்சியதும் உண்டு. போட்டிகள் நடந்த யாஹோரினா, பியலாஷ்னிட்சா மலைகளுக்கு இன்றும் பனிச்சறுக்குக்காக மக்கள் வருகிறார்கள். ஸெட்ரா அரங்கு, பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் உதவியோடு 1999இல் மீண்டும் எழுந்தது. 2014இல் டார்வில், டீன் இருவரும் அங்கே திரும்பி வந்து அதே நடனத்தை ஆடினார்கள். போரில் அழிந்த டிரெபெவிச் கம்பிவட ஊர்தி 2018 ஏப்ரலில் மறுபடி ஓடத் தொடங்கியது. அதில் ஏறிப்போய் அத்தடத்தின் உள்ளேயே நடந்திருக்கிறேன். வளைவுகளில் சுவர் தலைக்குமேல் சாய்ந்து நிற்க, கான்கிரீட்டைத் தடவினால் ஈரப்பாசி விரலில் ஒட்டுகிறது. என்னைப் பொறுத்தவரை, 2019இல் சரயேவோவும், போருக்குப்பின் தனி நிர்வாகமாகப் பிரிந்த கிழக்கு சரயேவோவும் சேர்ந்து ஐரோப்பிய இளையோர் குளிர்கால ஒலிம்பிக் விழாவை நடத்தியதே 1984 விட்டுச்சென்றவற்றில் பெரிது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அந்தப் படங்களை இத்தனை நாள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். இக்மான் மலையின் பனித்தாவல் மேடைகளும் சீரமைக்கப்பட்டனவா?

மறுமொழி 2:
நான் சென்றபோது அவை சிதைந்தபடியே நின்றன. நீங்கள் போவதானால் பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். பொஸ்னியாவில் போர்க்காலக் கண்ணிவெடிகள் இன்னும் முழுமையாக அகற்றப்படவில்லை.