முழு வால் இல்லாவிட்டால் கத்தியே இல்லையாம்!

சாணைக்கல்:
"தினமும் கூடவே வைத்துக்கொள்ள முதன்முதலாக மடங்காத கத்தி வாங்குகிறவர், முழு வால் இல்லாததைத் தொடவே கூடாது" என்று, எந்தக் கத்தி வாங்கலாம் எனக் கேட்ட புதியவருக்கு நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பு எழுதியிருந்தார். அதாவது, அலகின் இரும்பு வால்போல நீண்டு பிடியின் கடைசிவரை ஓட வேண்டுமாம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஃபின்லாந்துக்காரர்களின் பூக்கோ (puukko) என்ற மரபுக் கத்தியில் ஒல்லியான வால்தான் பிடிக்குள் நுழைகிறது. தலைமுறை தலைமுறையாக அதில்தான் மரம் செதுக்குகிறார்கள். அவர்களெல்லாம் முட்டாள்களா?

இரும்புப்பிடி:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்ல என்ன பயம்? முழு வால் உடையாது, மற்றது உடையும். அவ்வளவுதான்.

சாணைக்கல்:
எதில் உடையும்? புதிதாக வாங்குகிறவர் பார்சல் பிரிப்பார், கயிறு அறுப்பார், குச்சி சீவுவார். ஸ்வீடன் மோரா நிறுவனத்தின் கம்பேனியன் கத்தி என்னிடம் இருக்கிறது; அதன் முதுகின் தடிமன் 2.5 மில்லிமீட்டர்தான், வாலும் கடைசிவரை போகாது. ஆறு வருடமாக இடுப்பில் இருக்கிறது. பெருவிரல் படுகிற இடத்தில் பிடியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்தே போய்விட்டது. வால் அசையவில்லை.

இரும்புப்பிடி:
அப்படியானால் அதே மோரா 3.2 மில்லிமீட்டரில் கார்பெர்க் என்று முழு வால் கத்தி செய்தது எதற்கு? பொழுது போகாமலா?

சாணைக்கல்:
கத்தியை விறகின் தலையில் வைத்துக் கட்டையால் அடித்துப் பிளக்கிறவர்களுக்காக. அந்த வேலைக்குக் கோடாலி என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

மழைத்துளி:
அண்ணன்மாரே, வாலை விடுங்கள். உறையைப் பற்றி யாராவது பேசினீர்களா? கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறை என்றால் தலைகீழாக உலுக்கினாலும் கத்தி விழக்கூடாது. தோலுறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். 1095 என்ற, எளிதில் துருப்பிடிக்கும் கார்பன் எஃகுக் கத்தியை நனைந்த தோலுறையில் ஒரு ராத்திரி விட்டேன், காலையில் அலகெல்லாம் செம்புள்ளி.

இரும்புப்பிடி:
துருவைத் துடைக்கலாம். உடைந்த வாலை ஒட்ட முடியாது.

மழைத்துளி:
நான் கேட்டது உறையை.

சாணைக்கல்:
அவருக்கு உறைக்காது.

இரும்புப்பிடி:
சிலேடை போட்டால் ஜெயித்துவிட்டதாக நினைப்பா? போன மாதம் "கோணத்தை அளந்துதான் தீட்டுவேன்" என்று அடம்பிடித்து மோராவின் கூர்மையைக் கெடுத்த மேதை நீங்கள்தானே? அலகின் பக்கச் சரிவை அப்படியே கல்லில் படிய வைத்து இழுத்தாலே போதும் என்று அன்றைக்கே சொன்னேன்.

சாணைக்கல்:
அது என் கத்தி இல்லை, என் தம்பியுடையது. பழைய பதிவை ஒழுங்காகப் படித்துவிட்டு வாருங்கள். நீங்கள் சொல்லித்தான் கல்லில் படிய வைத்தோம் என்று வேறு நினைப்பா?

புதியவன்:
ஐயா, கத்தி வாங்கப் போகிறவன் நான்தான். கேள்வியும் என்னுடையதுதான். எதை வாங்குவது?

மழைத்துளி:
வெளியே எடுத்துப்போகச் சட்டம் விடுமா என்று முதலில் பாருங்கள், அது இடத்துக்கு இடம் மாறும். உட்காரும்போது விலாவில் இடிக்காமல் இருக்க 7, 8 சென்டிமீட்டர் அலகே போதும். அப்புறம் உறை...

இரும்புப்பிடி:
முழு வால் வாங்குங்கள்.

சாணைக்கல்:
ஆரம்பித்துவிட்டார். தம்பி, முழு வால் கத்தி பலவற்றில் பிடியின் ஓரத்தில் இரும்பு வெளியே தெரியும். குளிரில் வெறுங்கையால் பிடித்துப் பாருங்கள், தெரியும் சேதி. எடையும் கூடுதல்.

இரும்புப்பிடி:
கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வால் உடையாது.