இறப்பர் தளர்வு நிறமாலை: வலது ஓரத்து முகடு கிரிட்டோடு சேர்ந்து நகர்கிறது, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்

ஹட்டன் தம்பி:
வணக்கம். மாத்தளைப் பக்கத்து ஷீட் இறப்பரில் செய்த கலவை ஒன்றின் ரிலாக்சேஷன் ஸ்பெக்ட்ரம் (தளர்வு நிறமாலை, எந்த நேர அளவில் எவ்வளவு தளர்கிறது என்ற படம்) எடுக்கப் பார்க்கிறேன். கண்டியில் ஒரு லாபில் ரியோமீட்டர் கிடைத்தது, 25 பாகையில் செக்கனுக்கு 0.1 முதல் 100 ரேடியன் வரை ஜி பிரைமும் (மீள்கிற விறைப்பு) ஜி டபுள் பிரைமும் (வெப்பமாக இழக்கும் பங்கு) அளந்தாயிற்று. பைதனில் 30 மோட் (ஒவ்வொன்றும் டௌ என்ற ஒரு தளர்வு நேரம் உள்ள கூறு) வைத்து சாதாரண லீஸ்ட் ஸ்குவேர் போட்டால் வளைகோடு புள்ளிகளின் மேல் அப்படியே உட்காருகிறது, ஆனால் மோட்களின் வலிமையைப் பார்த்தால் பாதி மைனஸ், ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் போகிறது. சரி என்று மைனஸ் விடையை அனுமதிக்காத என்என்எல்எஸ் முறைக்கு மாறினேன். மைனஸ் போய்விட்டது, இப்போது வலது ஓரத்தில் ஒரே ஒரு பெரிய முகடு. டௌ 100 செக்கன் வரை கிரிட் (டௌ மதிப்புகளின் வரிசை) வைத்தால் 100இல் நிற்கிறது, 10,000 வரை நீட்டினால் அங்கே போய் நிற்கிறது. இது பொருளின் குணமா, கணக்கின் கோளாறா?

கண்டி லாப்காரன்:
தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். கந்தகம் போட்டு வல்கனைஸ் பண்ணின இறப்பரா, பச்சை இறப்பரா? ஃபில்லர் (கலக்கும் நிரப்புப் பொடி) இருக்கிறதா?

ஹட்டன் தம்பி:
வல்கனைஸ் பண்ணினது அண்ணா. 100 பங்கு இறப்பருக்கு 30 பங்கு கார்பன் பிளாக். ஜி பிரைம் 0.6 மெகாபாஸ்கல் பக்கம், கிட்டத்தட்ட தட்டையாகப் போகிறது. ஜி டபுள் பிரைம் அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

கண்டி லாப்காரன்:
அப்படியென்றால் முகடு எங்கிருந்து வருகிறது என்பது தெளிவு. குறுக்குப் பிணைப்பு உள்ள இறப்பர் எவ்வளவு நேரம் விட்டாலும் முழுக்கத் தளராது, சமநிலை மாடுலஸ் என்று ஒரு விறைப்பு மிஞ்சும். உங்கள் சமன்பாட்டில் அந்த மாறிலி இல்லை. இடம் கொடுக்காததால் அது மிக நீண்ட டௌ உள்ள மோடாக வேஷம் போட்டு வந்து நிற்கிறது, ஏனென்றால் டௌ பெரிதானால் அந்த மோட் ஜி பிரைமுக்கு மாறாத ஒரு தொகையைக் கொடுக்கும், ஜி டபுள் பிரைமுக்கு ஏறக்குறைய ஒன்றும் கொடுக்காது. அதனால்தான் கிரிட்டை எவ்வளவு நீட்டினாலும் கடைசி இடத்துக்கே ஓடுகிறது. ஜி பிரைம் வரிகளுக்கு 1, ஜி டபுள் பிரைம் வரிகளுக்கு 0 என்று மேட்ரிக்ஸில் ஒரு நிரல் கூட்டுங்கள், போதும்.

ரம்பப் பல் வேறு கதை. இந்தத் தலைகீழ்க் கணக்கு இயல்பிலேயே நிலையற்றது, அளவீட்டில் 2 சதவீதம் இரைச்சல் இருந்தாலும் மோட்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பெருத்துவிடும். டௌவின் ஒரு டெகேடுக்கு (பத்து மடங்கு இடைவெளிக்கு) ஒன்று இரண்டு மோட் வைத்தால் அடங்கும். இல்லாவிட்டால் டிக்கோனோவ் முறையில் வளைவுக்கு அபராதம் போட்டு, எல் வளைகோடு (பொருத்தப் பிழைக்கு எதிரே அபராதத்தை வரைந்த படம்) பார்த்து அந்த அபராதத்தின் எடையான லாம்டாவைத் தெரியுங்கள். ஹோனர்காம்பும் வேஸேயும் 1989இல் இந்தக் கணக்குக்கு டிக்கோனோவ் முறையைத்தான் பயன்படுத்தினார்கள்.

பதுளை அக்கா:
அதோடு பிழையைச் சார்பு அளவில் எடுங்கள், அளந்த மதிப்பால் வகுத்து. இல்லாவிட்டால் பத்து மடங்கு பெரிய ஜி பிரைம் மட்டும்தான் பேசும், நிறமாலையின் உருவத்தைச் சொல்கிற ஜி டபுள் பிரைம் வாயே திறக்காது.

ஸ்ட்ரெயின் (உருக்குலைவின் அளவு) எவ்வளவு வைத்தீர்கள்? கார்பன் பிளாக் இருந்தால் பெய்ன் விளைவு (ஸ்ட்ரெயின் கூடினால் மாடுலஸ் இறங்குவது) உண்டு, 1 சதவீதத்திலேயே மாடுலஸ் நன்றாக இறங்கியிருக்கலாம். ஸ்ட்ரெயின் ஸ்வீப் எடுத்து நேர்கோட்டுப் பகுதியை உறுதி செய்யாமல் நிறமாலை போட்டுப் பயனில்லை.

ஹட்டன் தம்பி:
ஸ்வீப் எடுத்து 0.1 சதவீதத்துக்கு இறக்கித் திரும்ப அளந்தேன். நிரலும் கூட்டினேன், முகடு போய்விட்டது, மாறிலி 0.58 மெகாபாஸ்கல். இப்போது 0.01 முதல் 100 செக்கன் வரை வழவழப்பாக ஒரு வளைகோடு வருகிறது. இதை அப்படியே தீசிஸில் போடலாமா?

கண்டி லாப்காரன்:
முழுவதையும் போடாதீர்கள். டேவிஸ், ஆண்டர்சன் இருவரும் 1997இல் காட்டினார்கள், அலைவெண் எல்லையின் தலைகீழை அப்படியே டௌ எல்லையாக எடுக்க முடியாது, இரண்டு பக்கமும் 4.8 மடங்கு உள்ளே வர வேண்டும். உங்களுக்கு 0.01 முதல் 10 செக்கன் அல்ல, சுமார் 0.05 முதல் 2 செக்கன்தான். அதற்கு வெளியே தெரிகிற கோடு லாம்டா வரைந்த கோடு. அந்த 0.58ஐயும் சமநிலை மாடுலஸ் என்று எழுதிவிடாதீர்கள், 10 செக்கனுக்கு மேல் மெதுவாகத் தளர்வதெல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பிரிக்க வேண்டுமானால் சில மணி நேரம் ஓடும் ஸ்ட்ரெஸ் ரிலாக்சேஷன் எடுக்க வேண்டும்.

ஹட்டன் தம்பி:
குறுகிய டௌ பக்கத்தை நீட்ட வெப்பநிலையைக் குறைத்து அளந்து, அந்த வளைகோட்டை அலைவெண் அச்சில் நகர்த்தி ஷிஃப்ட் பண்ணலாம் என்றால் இந்த மெஷினில் சூடாக்க மட்டும்தான் வழி. நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் விடியற்காலையில் அளந்தால் என்ன?

பதுளை அக்கா:
ஜனவரிப் பனியில் அளந்தாலும் காணாது தம்பி, இயற்கை இறப்பரின் கண்ணாடி நிலைமாற்றம் மைனஸ் 70 பாகை பக்கத்தில். திரவ நைட்ரஜன் உள்ள டிஎம்ஏ (இதே மாதிரி விறைப்பை அளக்கும் கருவி) தேடுங்கள். ஃபில்லர் உள்ள கலவைக்கு ஒரே ஷிஃப்ட் எல்லா இடத்திலும் பொருந்தும் என்று நம்பவும் வேண்டாம், முதலில் ஃபில்லர் இல்லாத மாதிரியில் செய்து பாருங்கள்.

ஹட்டன் தம்பி:
சரி அக்கா. 0.05 முதல் 2 வரை அழுத்தமான கோடு, வெளியே புள்ளிக்கோடு என்று படத்தை மாற்றிவிட்டேன். ஃபில்லர் இல்லாத மாதிரிக்கு அடுத்த கலவை போடும்போது சொல்லி வைத்திருக்கிறேன்.