நாய்க்கு டாக்ஸி மாத்திரை கொடுத்தா வாந்தி, கம்ப்யூட்டர்ல தினமும் பழைய தேதி: ரெண்டுக்கும் வழி சொல்லுங்க

குளச்சல் கடலோரம்:
நண்பர்களே, ஒரே நேரத்துல ரெண்டு தலைவலி.

நாட்டு நாய், எடை 20 கிலோ. ரத்தப் பரிசோதனையில எர்லிகியா உண்ணிக் காய்ச்சல்னு வந்திருக்கு, தட்டணுவும் (ரத்தத்தை உறைய வைக்கிற அணு) குறைவு. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, 28 நாள். கூடவே இரும்புச்சத்து டானிக். காலையில வெறும் வயித்துல பால்ல கலந்து கொடுக்கோம், அரை மணி நேரத்துல வாந்தி. ராத்திரி சோத்தோட கொடுத்தா ஒண்ணும் இல்ல. இப்ப காய்ச்சல் விட்டு ஓடியாடுது, "இனி மாத்திரை எதுக்கு"ன்னு வீட்டுல கேக்காங்க. மறுபடி உடம்பு சுட்டா பாராசிட்டமால் கொடுக்கலாமா? வீட்டுல ஒரு பூனையும் உண்டு.

அடுத்தது டெஸ்க்டாப். இடிக்குப் பயந்து ராத்திரி சுவிட்ச் போர்டுலயே அணைச்சிடுவோம். காலையில போட்டா தேதி 2015 ஜனவரிக்குப் போயிடுது, எந்த இணையதளமும் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல"ன்னு திறக்க மாட்டேங்குது. சில நாள் ஃபேன் சுத்தும், திரை கறுப்பா இருக்கும், பீப் சத்தம் வரும். வைரஸ், ஃபார்மட் அடிக்கணும்னு கடையில சொல்றாங்க. சரிதானா?

திருவட்டாறு மலையோரம்:
நாய் விஷயம் சொல்லுதேன். மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீங்க. எர்லிகியா கிருமி ரத்த வெள்ளணுவுக்கு உள்ளே ஒளிஞ்சு இருக்கும். மருந்து தொடங்கின ரெண்டு மூணு நாள்லயே காய்ச்சல் இறங்கிடும், ஆனா கிருமி போயிருக்காது. பாதியில விட்டா மாசக்கணக்குல சத்தமில்லாம இருந்து, பிறகு எலும்பு மஜ்ஜையைப் பிடிக்கும். அந்தக் கட்டத்துல காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம். உங்க டாக்டர் எழுதின அளவு சரியா இருக்கு. ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 10 மி.கி. கணக்குல 20 கிலோவுக்கு 200, அதை ரெண்டு வேளையாப் பிரிச்சிருக்காங்க.

வாந்திக்குக் காரணம் வெறும் வயிறு. இந்த மருந்து இரைப்பையை அரிக்கும். பால் இன்னொரு கெடுதல் செய்யும். அதுல உள்ள கால்சியம் மருந்தோட ஒட்டிக்கிட்டு ரத்தத்துல சேர விடாது. இரும்பு டானிக் அதை விட மோசம், அதனால ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது மூணு மணி நேரம் இடைவெளி வேணும். காலையில மாத்திரை, மத்தியானம் டானிக்னு வச்சுக்கிடுங்க. ஜெலுசில் மாதிரி அமிலத்துக்குக் கொடுக்கிற மருந்துக்கும் இதே கணக்குதான்.

கொடுக்கிற முறை: உப்பு போடாம வேக வச்ச கோழியும் குழைஞ்ச சோறும் பாதி வயிறு தின்ன வைங்க. பிறகு ஒரு உருண்டைக்குள்ள மாத்திரை, அதுக்குப் பின்னாலயே இன்னொரு வெறும் உருண்டை. கடைசியா ஊசி போடாத சிரிஞ்சுல 10 மி.லி. தண்ணியைக் கன்னத்து ஓரமா மெல்ல விடுங்க. மாத்திரை உணவுக்குழாயில ஒட்டி நின்னா அங்கேயே புண்ணாகும், அதுக்குத்தான் இந்தத் தண்ணி. கருவாட்டுக்குள்ள ஒளிச்சுக் கொடுக்கிற பழக்கம் நம்ம பக்கம் உண்டு. உப்பும் முள்ளும் நோயில கிடக்கிற வயித்துக்கு ஆகாது, விட்டுடுங்க.

பாராசிட்டமால் வேண்டவே வேண்டாம். நாய்க்கு ஈரல் கெடும். பூனைக்கு அரை மாத்திரையே உயிரை எடுத்திடும், கைக்கெட்டுற இடத்துலகூட வைக்காதீங்க. புரூஃபென், டைக்ளோபினாக், ஆஸ்பிரின் எல்லாம் தட்டணு குறைஞ்ச நாய்க்கு உள்ளே ரத்தக் கசிவை உண்டாக்கும். மூக்குல ரத்தம், வயித்துத் தோல்ல ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளி, கறுப்பு மலம், வெளுத்த ஈறு இதுல எதைப் பாத்தாலும் அன்னைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்க. 28 நாள் முடிஞ்சதும் ரத்தம் எடுத்துத் தட்டணு ஏறியிருக்கான்னு பாக்கணும்.

வடசேரி வாசி:
வைரஸ் இல்லை, ஃபார்மட்டும் தேவையில்லை. உங்களுக்கு இருப்பது ரெண்டு தனித்தனிக் கோளாறு.

தேதி போவதற்குக் காரணம் மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி (பெயர் சிஆர்2032) தீர்ந்துபோனதுதான். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரம் அதிலேயே ஓடும், நீங்கள் போர்டில் அணைத்ததும் பேட்டரியை நம்பும். அதனால்தான் ராத்திரி அணைக்கும் வீட்டில் மட்டும் இது வெளியே தெரிகிறது. ஒவ்வொரு இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. 2015 அந்தக் கெடுவுக்குள் வராது, ஆகவே பிரவுசர் மறுக்கிறது. மல்டிமீட்டரில் பாருங்கள்: புதுசு 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.8-க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

மாற்றும் முன் பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரைக்குள் போய் (கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலீட் அல்லது எஃப்2) ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். முக்கியமானவை சாட்டா மோட் (ஹார்டு டிஸ்க்குடன் பேசும் முறை), பூட் மோட் (விண்டோஸைத் தொடங்கும் முறை). பிறகு பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, எழுத்துள்ள பிளஸ் பக்கம் மேலே இருக்கும்படி புதுசைப் போடுங்கள்.

கறுப்புத் திரைக்கும் பீப்புக்கும் காரணம் பெரும்பாலும் ராம் (மதர்போர்டில் செருகும் நினைவகப் பட்டை). கடலோர வீட்டில் உப்புக்காற்று அதன் தொடுமுனைகளில் மெல்லிய படலமாகப் படியும், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இது அதிகம். பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு ராமைக் கழற்றுங்கள். வெள்ளை ரப்பரால் தங்க நிற முனைகளை ஒரே திசையில் லேசாகத் தேய்த்து, துகளை பிரஷ்ஷால் தட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள். இரண்டு பக்க கிளிப்பும் 'டக்' என்று விழ வேண்டும். உப்புத்தாள் போடாதீர்கள், தங்கப் பூச்சு போய்விட்டால் அரிப்பு இன்னும் வேகமாக வரும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது பழுது, எந்த ஸ்லாட் பழுது என்று தெரிந்துவிடும்.

பெட்டியைக் கடல் பார்த்த ஜன்னலை விட்டு நகர்த்துங்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் தினம் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், அந்தச் சூட்டில் ஈரம் போகும். இடிக்கு அணைத்தால் மட்டும் போதாது. சுவிட்சின் சின்ன இடைவெளியை மின்னல் தாண்டிவிடும், பிளக்கையே பிடுங்க வேண்டும். லேன் கேபிளையும் கழற்றுங்கள். ஃபைபர் இழை மின்சாரம் கடத்தாது, ஆனால் மின்னல் மோடத்தின் அடாப்டர் வழியாக வந்து லேன் போர்ட்டைக் கருக்கிவிடும்.

முட்டம் காத்து:
மேல சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு, பூனை இருக்கிற வீடுன்னு சொன்னதால எழுதுறேன். உண்ணிக்கு நாய் முதுகுல விடுற சொட்டு மருந்துல பெர்மெத்ரின் இருக்கான்னு அட்டையைப் படிங்க. இருந்தா பூனைக்கு அது விஷம்: நடுக்கம், வலிப்பு, சாவு. நாயை ஒட்டிப் படுத்தாலோ நக்கினாலோ போதும். அமிட்ராஸ்ங்கிற உண்ணி மருந்துல நாயைக் கழுவுறதும் பூனை கிட்ட வேண்டாம். ரெண்டும் ஒண்ணாப் படுக்கிற வீட்டுல டாக்டர்கிட்ட கேட்டு ஃப்ளூராலனர்ங்கிற உண்ணி மாத்திரை வாங்குங்க, நாய்க்கு ஒண்ணு கொடுத்தா 12 வாரம் நிக்கும். எடை வாரியாத்தான் வரும், உங்க நாய் சரியா 20 கிலோவுல நிக்கிறதால தராசுல ஏத்திப் பாத்த பிறகு வாங்குங்க. முன்னால வலிப்பு வந்த நாய்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

நாய்க்கு மட்டும் மருந்து போட்டா வேலை பாதிதான். பழுப்பு உண்ணி சுவர் ஏறும், ஓட்டு வீட்டுல கழிக்கோல் இடுக்கு வரைக்கும் போய் ஆயிரக்கணக்குல முட்டை விடும். கயிற்று மிதியடி, படிக்கட்டுக்கு அடி, சுவர் வெடிப்பு எல்லாம் சுத்தம் பண்ணி, வெடிப்பை சிமெண்ட் வச்சு அடைங்க. முட்டை பொரிக்க வாரக்கணக்கு ஆகும், அதனால ஒரு தடவையோட விடாதீங்க. பிடுங்கின உண்ணியை விரலால நசுக்காம சோப்புத் தண்ணியில போடுங்க.

குளச்சல் கடலோரம்:
ரொம்ப நன்றி. சோத்தோட கொடுத்ததும் வாந்தி நின்னாச்சு. ராம் துடைச்சதுல பீப்பும் போச்சு, தேதியும் நிக்குது. ஆனா பேட்டரி மாத்தின பிறகு நீலத் திரை, 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்'னு வருது. ஹார்டு டிஸ்க் போயிட்டா? இன்னொண்ணு, இனி எப்பவாவது மாத்திரையோட வாந்தி எடுத்தா மறுபடி கொடுக்கலாமா?

வடசேரி வாசி:
டிஸ்க் போகவில்லை. பேட்டரி எடுத்ததும் பயாஸ் ஆரம்ப நிலைக்குப் போய் சாட்டா மோட் மாறியிருக்கும். எடுத்த படத்தைப் பார்த்து, முன்பு ஏஹெச்சிஐ இருந்தால் அதையும், ஐடிஇ இருந்தால் அதையும் திரும்ப வையுங்கள். எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். விண்டோஸ் பழையபடி ஏறும். ஏறியதும் முதல் வேலையாகப் படங்கள், கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள்.

திருவட்டாறு மலையோரம்:
நீங்களா மறு மாத்திரை கொடுக்காதீங்க. கொடுத்து எத்தனை நிமிஷத்துல வாந்தி வந்தது, மாத்திரை முழுசா விழுந்ததா, கரைஞ்சிருந்ததா, இதைக் குறிச்சு வச்சு டாக்டருக்குப் போன் பண்ணுங்க. அதைக் கேட்டுத்தான் அவங்க முடிவு சொல்ல முடியும். ஒரு வேளை தப்பினா அடுத்த வேளைக்கு ரெண்டாச் சேத்துக் கொடுக்கவும் கூடாது. அடிக்கடி வாந்தின்னா வாந்தியை நிறுத்த அவங்களே மருந்து எழுதுவாங்க.