கையேடு மனப்பாடம், ஆனால் படத்தைப் பார்த்து எழுத வரவில்லை: கலை வரலாற்றுத் தேர்வுக்கு உதவி தேவை

கேள்வி

வணக்கம். மேலைநாட்டுக் கலை வரலாற்றுத் தாளுக்கு ஒரு தேர்வுக் கையேட்டை வைத்துப் படித்து வருகிறேன். ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு சிறிய படம், அதன் கீழே தலைப்பு, கலைஞர், ஆண்டு, ஊடகம், பாணி அடங்கிய அட்டவணை, பிறகு நான்கைந்து வரிக் குறிப்பு என்று அது அமைந்திருக்கிறது. அட்டவணைகள் எல்லாம் தலைகீழாகச் சொல்லும் அளவுக்குப் பாடம். ஆனாலும் மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் ஏறவில்லை. முழு ஓவியத்தைக் காட்டாமல் அதன் ஒரு பகுதியை மட்டும் கொடுத்தால் எனக்குப் பிடிபடுவதில்லை. பாடத்திட்டத்தில் இல்லாத படத்தைக் கொடுத்து, அது எந்தக் காலத்தது என்று காரணத்துடன் எழுதச் சொன்னால் ஒரு வரியோடு நின்றுவிடுகிறேன். மைக்கேலாஞ்சலோ, பெர்னினி இருவரின் தாவீது சிலைகளை ஒப்பிடும் வினாவுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதியும், "இரண்டு குறிப்புகள் உள்ளன, ஒப்பீடு இல்லை" என்ற திருத்தத்துடன் விடைத்தாள் திரும்பியது. போதாக்குறைக்கு, பாட்டிசெல்லியின் "வீனஸின் பிறப்பு" ஓவியத்துக்குக் கையேடு ஓர் ஆண்டும் பாடநூல் வேறோர் ஆண்டும் தருகின்றன. நான் மாற்ற வேண்டியது கையேட்டையா, படிக்கும் முறையையா?

முதல் பதில்

கையேடு இருக்கட்டும்; அதைப் புரட்டும் வரிசையை மாற்றுங்கள். அட்டவணையை ஒரு தாளால் மறைத்துவிட்டு, படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் முதலில் எழுதுங்கள்; எழுதி முடித்த பிறகே தாளை விலக்குங்கள். கையேட்டின் சிறிய படம் இதற்குப் போதாது என்பதால், அந்தப் படைப்பை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் உள்ள பெரிய படத்தைத் திறந்துகொள்ளுங்கள்.

யான் வான் எய்க் 1434-இல் வரைந்த ஆர்னோல்ஃபினி தம்பதியின் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள இது சுமார் 82 செ.மீ. உயரமும் 60 செ.மீ. அகலமும் கொண்டது. பின்சுவரில் தொங்கும் குவியாடியைப் பெரிதாக்கினால், தம்பதியின் முதுகுப்புறமும் அவர்களுக்கு அப்பால் வாசலில் நிற்கும் இருவரும் தெரிவார்கள். ஆடியின் சட்டத்தைச் சுற்றிக் கிறிஸ்துவின் பாடுகளைச் சித்திரிக்கும் 10 சிறு வட்டங்கள் உள்ளன. அதற்கு மேலே "யான் வான் எய்க் இங்கே இருந்தார், 1434" என்ற பொருளில் லத்தீன் வாசகம் இருக்கிறது. இவ்வளவு நுணுக்கம் அந்தச் சிறிய பலகையில் எப்படிச் சாத்தியமானது என்று கேட்டால், ஒளி ஊடுருவும் மெல்லிய அடுக்குகளாக எண்ணெய் வண்ணத்தைப் பூசிய முறையே விடை. அட்டவணையில் "ஊடகம்: எண்ணெய் வண்ணம், ஓக் பலகை" என்று உயிரற்றுக் கிடந்த வரி இப்போது உங்கள் வாதத்துக்குச் சான்றாகிவிடுகிறது. இப்படிப் பார்த்த ஓவியத்தின் எந்தப் பகுதியைக் காட்டினாலும் அடையாளம் தெரியும்.

இரண்டாம் பதில்

ஒப்பீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சிலைக்கு ஒரு பத்தி என்று பிரிக்காமல், கேள்விக்கு ஒரு பத்தி என்று பிரித்து, ஒவ்வொரு பத்தியிலும் இரு சிலைகளையும் நிறுத்துங்கள். கோலியாத்து என்ற அரக்கனைக் கவண்கல்லால் வீழ்த்திய தாவீதின் விவிலியக் கதையில் எந்தக் கணம் என்பது முதல் கேள்வி. மைக்கேலாஞ்சலோவின் தாவீது (1501–1504) கவணைத் தோளில் சார்த்தி, புருவத்தை நெரித்து, எதிரியைப் பார்த்தபடி நிற்கிறான். பெர்னினியின் தாவீது (1623–1624) உதட்டை இறுக்கிக்கொண்டு, உடலை முறுக்கிக் கல்லை எறியும் கணத்திலேயே இருக்கிறான். பார்ப்பவரின் இடம் எது என்பது அடுத்தது: முன்னது 5 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நம்மை அண்ணாந்து பார்க்க வைக்கிறது, பின்னதோ ஏறத்தாழ ஆள் உயரத்தில் நின்று, கோலியாத்து நம் பக்கத்தில் எங்கோ இருப்பதாக உணர வைக்கிறது. யாருக்காக என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். பேராலயத்துக்கென்று தொடங்கப்பட்ட மைக்கேலாஞ்சலோவின் சிலை 1504-இல் ஃபிளாரன்ஸ் அரசு மாளிகையின் வாசலில் நிறுத்தப்பட்டு, அந்நகரக் குடியரசின் அடையாளமாயிற்று. பெர்னினியின் சிலை கர்தினால் சிப்பியோனே போர்கேசேயின் மாளிகைக்காகச் செதுக்கப்பட்டது. "மறுமலர்ச்சி" (முன்னதன் பாணி), "பரோக்" (பின்னதன் பாணி) என்ற சொற்களைக் கடைசியில் சேர்த்தால் போதும். தொடக்கத்திலேயே அவற்றைப் போட்டுவிட்டால் பிறகு சிலையைப் பார்க்கவே தோன்றாது.

மூன்றாம் பதில்

அறியாத படத்துக்குப் பெயரைச் சரியாகச் சொல்வதைவிடக் காரணத்தை எழுதுவதற்கே மதிப்பெண் அதிகம் கிடைக்கும் என்பது என் கருத்து. "இதற்கு முன் இருக்க முடியாது" என்ற வகையில் யோசியுங்கள். தொலைவைக் காட்டப் பின்னோக்கிச் செல்லும் கோடுகள் ஒரே புள்ளியில் கணக்காகக் கூடினால், மசாச்சோவின் "பரிசுத்தத் திரித்துவம்" (சுமார் 1427) தோன்றிய காலத்துக்கு வெகு முன்னே அதைத் தள்ள முடியாது. இருண்ட பின்னணியில் பக்கவாட்டிலிருந்து கூரிய ஒளி பாய்ந்தால், கரவாஜியோவின் "மத்தேயுவின் அழைப்பு" (1599–1600) உங்களுக்கு அளவுகோலாகும். ஆயினும் அவரைப் பின்பற்றியோர் பலர் என்பதால் "கரவாஜியோவின் வழியில் வந்த படைப்பு" என்று எழுதுவது பாதுகாப்பானது.

ஆண்டுகளைப் பற்றிக் கலங்க வேண்டாம். "வீனஸின் பிறப்பு" ஓவியத்தில் பாட்டிசெல்லி ஆண்டைப் பொறிக்கவில்லை. பாணியை வைத்து 1480களின் நடுப்பகுதி என்று கணிக்கிறார்கள். பாடத்திட்டத்தில் ஆண்டு கொடுத்திருந்தால் அதையே எழுதுங்கள். இல்லையென்றால் "சுமார் 1485" போதும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தாளால் மறைத்துப் பார்க்கும் முறையை லியோனார்டோ டா வின்சியின் "இறுதி இராவுணவு" ஓவியத்தில் முயன்றேன். படத்தில் வண்ணம் உதிர்ந்து திட்டுத் திட்டாகத் தெரிகிறது. தாளை விலக்கினால் கையேடு "ஃபிரெஸ்கோ" என்கிறது. ஃபிரெஸ்கோ சுவரோடு ஒட்டி நெடுங்காலம் நிலைக்கும் என்று அதே கையேட்டின் முன்பகுதியில் படித்திருக்கிறேன். எது சரி?

முதல் பதில் எழுதியவர்

உங்கள் கண் சரி, அட்டவணை தவறு. ஃபிரெஸ்கோவில் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மீது வரைவதால், பூச்சு காயும்போது வண்ணம் அதனுள் பிணைந்துவிடுகிறது. ஆனால் பூச்சு காய்வதற்குள் வேகமாக முடிக்க வேண்டும், பிறகு திருத்த முடியாது. நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைய விரும்பிய லியோனார்டோ, 1495–1498 காலத்தில் மிலானில் உலர்ந்த சுவரின் மீது டெம்பராவும் (முட்டை போன்ற பசைப்பொருளில் குழைத்த வண்ணம்) எண்ணெயும் கலந்து வரைந்தார். வண்ணம் சுவரில் பிடிக்காமல் அவர் வாழ்நாளிலேயே உதிரத் தொடங்கியது. 1999-இல் முடிந்த கடைசிப் பெரும் புதுப்பிப்புக்கு 20 ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது. கையேட்டில் அந்த வரியை அடித்து ஓரத்தில் திருத்தி எழுதிவிட்டு, அடுத்து ரஃபேலின் "ஏதென்ஸ் பள்ளி" (1509–1511) ஓவியத்தைத் திறந்து பாருங்கள். அது உண்மையான ஃபிரெஸ்கோ. இரண்டின் மேற்பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பத்தி எழுதி இங்கே போட்டால் திருத்தித் தருகிறேன்.