போரோஇச்சி சந்தையில் வாங்கிய தகர ரோபோ: உண்மையில் எந்த ஆண்டு?

நிஷிகசாய் வாசி கேட்டது:

ஜனவரி 15 அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு டோக்கியோவில் நடக்கும் செதகாயா போரோஇச்சி என்ற பழம்பொருள் சந்தைக்குப் போயிருந்தேன். இரும்புக் கெண்டி தேடிப் போனவன், தகர ரோபோவோடு திரும்பினேன். விலை 18,000 யென். வீட்டில் பாதி விலைதான் சொல்லியிருக்கிறேன்.

உயரம் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவு. தலைக்கவசத்துக்குள் மனித முகம், ரோஜா நிறக் கன்னம், நேராகப் பார்க்கும் கண்கள். மார்பில் இரட்டைக் கதவு. விரலால் நெம்பினால் உள்ளே இரண்டு துப்பாக்கிக் குழல்கள் தெரிகின்றன. முதுகில் எஸ்.எச். என்ற எழுத்துகளும் 'ஜப்பானில் தயாரிக்கப்பட்டது' என்ற ஆங்கில வரியும் இருக்கின்றன. கூடவே ஓரம் கிழிந்த பெட்டியும் கிடைத்தது.

கடைக்காரர் "ஷோவா 30" என்றார். ஜப்பானியப் பேரரசர் ஆண்டுக் கணக்கு அது, அதாவது 1955. நம்பலாமா? இன்னும் பேட்டரி போடவில்லை, பயமாக இருக்கிறது.

கோபே பெரியவர் எழுதியது:

தம்பி, சந்தையில் "ஷோவா 30" என்று காதில் விழுந்தால் "பழசு" என்று மட்டும் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். ஷோவா ஆண்டோடு 1925-ஐக் கூட்டினால் நம் கணக்கு வரும். ஷோவா 30 முதல் 39 வரை என்றால் 1955 முதல் 1964 வரை. பிளாஸ்டிக் சீப்பைக்கூட அந்தப் பத்தாண்டுக்குள் தள்ளி விற்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

எஸ்.எச். என்றால் ஹோரிகாவா என்ற பொம்மை நிறுவனம். அந்த நிறுவனம் தொடங்கியதே 1959-இல்தான். அதோடு 1955 கதை முடிந்தது.

நீங்கள் சொல்வது சுழலும் விண்வெளி வீரன். நடப்பான், நிற்பான், கதவைத் திறப்பான், இடுப்புக்கு மேல் முழுச் சுற்றுச் சுற்றிச் சுடுவான். சிக்கல் என்னவென்றால், இந்த வகையை அறுபதுகளில் தொடங்கி எண்பதுகள் வரைக்கும் விடாமல் செய்திருக்கிறார்கள். ஆகவே முகத்தை மட்டும் பார்த்து வயது சொல்ல முடியாது. எது தகரம், எது பிளாஸ்டிக் என்று உறுப்பு உறுப்பாகத் தட்டிப் பாருங்கள். முந்தையவற்றில் தகரம் அதிகம். வருடம் ஏற ஏறக் கை, கால், கதவு என்று பிளாஸ்டிக் புகுந்துவிட்டது. பொம்மையின் வயது அதில் இருக்கிற மிகப் புதிய உறுப்பின் வயதுதான். ரசனையான பழைய முகத்துக்காகப் பத்து வருடம் கூட்டிக்கொள்ளக் கூடாது.

பெட்டியில் எஸ்.டி. என்ற வட்ட முத்திரை இருக்கிறதா? ஜப்பானியப் பொம்மைப் பாதுகாப்புக் குறி அது. 1971-இல்தான் வந்தது. இருந்தால் பெட்டி அதற்குப் பிந்தையது. பெட்டி என்றுதான் சொல்கிறேன், பொம்மை என்று சொல்லவில்லை. சந்தையில் அநாதைப் பெட்டிக்கும் அநாதைப் பொம்மைக்கும் கல்யாணம் செய்து வைப்பது நெடுநாள் வழக்கம். உள்ளே அட்டையில் பாதம் அழுந்திய தடம் இருந்தால், உங்கள் ரோபோவின் பாதத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 'ஆக்கிரமிப்பில் இருக்கும் ஜப்பானில் தயாரிக்கப்பட்டது' என்ற வரியை ஏற்றுமதிப் பொருள்களில் 1947 முதல் 1952 ஏப்ரல் வரைதான் போட்டார்கள். அந்த வரி கொண்ட சிறிய ரோபோ ஒன்று இணைய ஏலத்தில் வந்தது. பணத்தைக் கொட்டி வாங்கினேன். பெட்டியின் அடியில் ஒரு நீள்சதுரம் மட்டும் வெளுத்திருந்தது. ஒட்டியிருந்த சீட்டை யாரோ உரித்திருக்கிறார்கள். விளக்கருகே சாய்த்துப் பிடித்தேன். பசையோடு தங்கிப்போன மெல்லிய கறுப்புக் கோடுகள், ஒன்று தடித்து, ஒன்று மெலிந்து. பட்டைக்கோடு, அதாவது பார்கோடு! 1952-இல் எந்தக் கடையில் பட்டைக்கோடு படித்தார்கள்? அது பிற்கால மறுபதிப்பு. வரியையும் சேர்த்தே நகலெடுத்திருந்தார்கள். அந்த வாரம் நான் யாரோடும் பேசவில்லை.

பூதக்கண்ணாடி இருந்தால் அச்சைப் பாருங்கள். பழைய தகர அச்சில் பெரும்பாலும் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக, நிறைவாக விழுந்திருக்கும். முகமெல்லாம் செய்தித்தாள் படம்போலப் புள்ளி புள்ளியாக இருந்தால், புகைப்படத்திலிருந்து எடுத்த நகலோ என்று சந்தேகிக்கலாம். சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல.

பழுது பார்க்கிற அக்கா எழுதியது:

பேட்டரி போடும் முன் பொம்மையின் பேட்டரி அறையை முகர்ந்து பாருங்கள். அந்தக் காலத்தில் போட்டது மாங்கனீஸ் பேட்டரி. அது கசிந்தால் அமிலத்தன்மையுள்ள உப்பு படியும். இணையத்தில் எல்லோரும் வினிகர் என்கிறார்கள். அது ஆல்கலைன் கசிவுக்குத்தான். உங்களுடையதற்குச் சமையல் சோடாவைச் சொட்டு நீரில் குழைத்துப் பஞ்சுக் குச்சியால் தொடுங்கள். பிறகு வெறும் ஈரப்பஞ்சு, உடனே உலர்த்தல். அச்சிட்ட பக்கம் சோடா படவே கூடாது. மெருகு எண்ணெயும் வேண்டாம். துரு இருந்தால் இருக்கட்டும், அதைத் தேய்க்கப் போய் நிறத்தைத் தொலைத்தவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள்.

பெரியவருக்கு ஒரு சேர்க்கை. அமெரிக்க இறக்குமதியாளர் பெட்டி யாரிடமாவது இருந்தால் முகவரியைப் படியுங்கள். 'நியூயார்க் 10' என்பதுபோல ஊர்ப்பெயரை ஒட்டி ஒன்றிரண்டு இலக்கம் மட்டும் நின்றால் அது பழைய அஞ்சல் வட்ட எண். ஐந்திலக்க எண் 1963 ஜூலையில்தான் வந்தது. கிராக்ஸ்டன் என்ற பெயரைப் பார்த்துவிட்டு அதுதான் தயாரித்தது என்று எழுதுகிறார்கள், அது இறக்கிய நிறுவனம். தயாரித்தவரின் குறி தகரத்தில் சிறிதாக எங்காவது இருக்கும்: டி.என். என்றால் நோமுரா, கே.ஓ. என்றால் யோஷியா, மாடர்ன் டாய்ஸ் என்றால் மசுதயா.

நிஷிகசாய் வாசி எழுதியது:

இரவு எல்லோரும் தூங்கிய பிறகு கைவிளக்கோடு உட்கார்ந்தேன்.

பெட்டியின் பக்கவாட்டில், கிழிசலை ஒட்டி, எஸ்.டி. முத்திரை இருக்கிறது. பாதத் தடமும் பொருந்துகிறது. உடம்பு தகரம், பாதங்கள் பிளாஸ்டிக். நகத்தால் தட்டினால் சத்தமே வேறு. எப்படிக் கவனிக்காமல் போனேன் என்று தெரியவில்லை.

மார்புக் கதவைத் திறந்து உள்ளே ஒளி அடித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. உள்பக்கத் தகரத்தில் தலைகீழாக ஒரு பச்சை இலையும் ஆரஞ்சுச் சுளையின் பாதியும் அச்சாகியிருக்கின்றன. பழச்சாறு டப்பாவா? போர் முடிந்த காலத்தில் பழைய டப்பாக்களை வெட்டிப் பொம்மை செய்தார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் பழையதாகவும் இருக்கலாம் அல்லவா?

கோபே பெரியவர் எழுதியது:

ஆசை யாரை விட்டது! நீங்கள் படித்தது உண்மைதான். 1945 டிசம்பரில் கொசுகே என்பவர் அமெரிக்கப் படையினர் வீசிய டப்பாக்களைத் தட்டி நிமிர்த்தி ஜீப் பொம்மை செய்தார். கியோத்தோவில் பத்து யெனுக்கு விற்றது. ஆனால் பிந்தைய பொம்மைகளின் உள்ளே தெரியும் படம் பெரும்பாலும் அச்சுப் பிசகிய புதுத் தகடு. டப்பா ஆலையில் கழித்ததைப் பட்டறைக்காரர்கள் மலிவாக வாங்கி, நல்ல பக்கத்தில் ரோபோவை அச்சிட்டார்கள். சுளையை ரசியுங்கள், வருடத்துக்குச் சாட்சியாக அழைக்காதீர்கள்.

முத்திரையும் பாதமும் தடமும் ஒரே பக்கம் பேசுகின்றன. ஷோவா 46 (1971) அல்லது அதற்குப் பிறகு, பெரும்பாலும் எழுபதுகள். அசல்தான், போலி இல்லை. ஓடினால் 18,000 மோசமில்லை.

நிஷிகசாய் வாசி எழுதியது:

ஓடுகிறது. சோடா வைத்தியத்துக்குப் பிறகு இரண்டாவது முயற்சியில் எழுந்தான். கதவைத் திறந்து சுட்ட சத்தத்தில் வீடே விழித்துக்கொண்டது. விலையும் வெளியே வந்துவிட்டது.

அடுத்த சந்தை டிசம்பர் 15. அந்தக் கடைக்காரரிடம் போய் ஷோவா கணக்கைச் சொல்லிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

கோபே பெரியவர் எழுதியது:

தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். எழுபதை ஐம்பது என்பவர் என்றாவது ஐம்பதை எழுபது என்றும் விற்பார். கடை எந்தத் தெருவில் என்று மட்டும் தனிச்செய்தியில் எழுதுங்கள்.