‘ஸ்வெட்’ நாடகம்: காலம் ஏன் முன்னும் பின்னும் போகிறது?

கேள்வி: அமெரிக்க நாடக ஆசிரியர் லின் நாட்டேஜின் ‘ஸ்வெட்’ பாதி படித்துவிட்டேன், 2017இல் புலிட்சர் பரிசு வாங்கிய நாடகம். 2008இல் சிறையிலிருந்து வந்த இரண்டு பையன்களைக் காட்டிவிட்டு 2000க்குத் திரும்புகிறார். நேராகவே சொல்லியிருக்கலாமே?

பதில்: நேராகச் சொன்னால் அடுத்து என்ன என்றுதான் பார்ப்போம். இப்போது அவர்கள் வழக்கமாகக் கூடும் மதுக்கடையில் பிறந்தநாள் கொண்டாடிச் சிரிக்கும்போதே நமக்கு வயிறு கலங்குகிறது. ஒரே ஆலையில் வேலை பார்க்கும் தோழிகள் சிந்தியாவும் ட்ரேசியும்; சிந்தியாவுக்குப் பதவி உயர்வு கிடைத்ததும் ட்ரேசியோடு இருந்த பல வருட நட்பு எப்படி விரிசல் விடுகிறது என்று கவனியுங்கள், யார் பக்கம் நிற்பது என்றே தெரியாது.

பதில்: கதை நடக்கும் பென்சில்வேனியாவின் ரெடிங் நகரத்துக்கே நாட்டேஜ் போய் மக்களிடம் பேசி எழுதியிருக்கிறார், அதுதான் வசனத்தில் தெரிகிறது. அப்புறம், கடைசிக் காட்சியில் மேசை துடைப்பவரைப் பாருங்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கேள்வி கேட்டவர்: சரி, இன்றிரவே முடித்துவிடுகிறேன்.